நிறங்காட்டியின் பிகேஏ: ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பிஸிகல் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வைத்து, ஒரு நிறங்காட்டியின் (பிஎச் மாறினால் நிறம் மாறும் சாயம், அதாவது இண்டிகேட்டர்) அமிலப் பிரிகை மாறிலியைக் கண்டுபிடிக்கும் சோதனை (அந்த மாறிலியின் லாக்கை மைனஸ் போட்டு எழுதினால் பிகேஏ) வருகிற வாரமெல்லாம் என் மேஜையைச் சுற்றி ஒரே கேள்விகள்தான். பேட்ச் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

மேடம், டைட்ரேஷன் பண்ணாலே பிகேஏ வந்துடுமே, இதுக்கு எதுக்கு ஸ்பெக்ட்ரோ?

அசிட்டிக் அமிலத்துக்கு டைட்ரேஷன் போதும். பாதி நடுநிலையாகும் இடத்தில் பிஎச் என்னவோ, கிட்டத்தட்ட அதுதான் பிகேஏ. ஆனால் நிறங்காட்டியை அப்படி டைட்ரேட் செய்ய முடியாது. நாம் பயன்படுத்தும் செறிவு லிட்டருக்கு ஒரு மோலில் லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதற்கு மேல் போனால் பலவும் சரியாகக் கரையாது, நிறமும் மை மாதிரி ஆகிவிடும். அந்தக் கொஞ்சத்தை பியூரெட்டால் அளக்க நினைத்தால், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடே நமக்கு முன்னால் காரத்தைக் குடித்துவிடும்.

நிறங்காட்டியே ஒரு பலவீனமான அமிலம்தான். அமில வடிவம் ஒரு நிறம், கார வடிவம் இன்னொரு நிறம். ஒரு தெரிந்த பிஎச்சில் எது எத்தனை பங்கு இருக்கிறது என்பதை நிறத்தை அளந்தே சொல்லிவிடலாம். இரண்டும் சரிபாதியாக இருக்கும் பிஎச்தான் பிகேஏ. மொத்தச் சோதனையும் இவ்வளவுதான்.

லேப்ல பினால்ஃப்தலீன்தான் பாட்டில் பாட்டிலா இருக்கு. அதையே எடுத்துக்கலாமா?

வேண்டாம். பினால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும்போது இரண்டு புரோட்டான்களை இழக்கிறது. நம் சமன்பாடு ஒரு புரோட்டானுக்கானது. போதாததற்கு, கடும் காரத்தில் அதன் நிறம் மெல்ல வெளுத்துப்போகும். முழுக்கக் கார வடிவமாக இருக்கும் கரைசலில் 'கார எல்லை' என்று எடுக்கும் அளவே நிமிடத்துக்கு நிமிடம் இறங்கினால் எதை நம்புவது?

நான் தருவது புரோமோதைமால் நீலம். அதன் சல்ஃபோனேட் பகுதி ஏற்கெனவே அயனியாகிவிட்டது, மிச்சமிருக்கும் ஒரே ஒரு புரோட்டானைத்தான் நாம் கவனிக்கிறோம். அமிலத்தில் மஞ்சள், காரத்தில் நீலம், மாற்றம் பிஎச் 7 பக்கத்தில். பிஎச்சை நகராமல் பிடித்து வைக்க பாஸ்பேட் பஃபர் கரைசல் போதும். மெத்தில் சிவப்பும் நல்லதுதான். அதன் பிகேஏ ஏறக்குறைய 5, அதற்கு அசிடேட் பஃபர்.

இண்டிகேட்டர் வெயிட் போட்டதுல கொஞ்சம் தப்பிடுச்சு. செறிவு சரியாத் தெரியாம பிகேஏ வருமா?

வரும். இந்தச் சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். நமக்கு வேண்டியது இரண்டு வடிவங்களின் விகிதம் மட்டும். விகிதம் எடுக்கும்போது மொத்தச் செறிவு அடிபட்டுப் போகிறது. 0.1 கிராமுக்குப் பதில் 0.11 கிராம் போட்டிருந்தாலும் ஒன்றும் கெடாது.

ஆனால் எல்லா ஃபிளாஸ்கிலும் ஒரே அளவு இருந்தாக வேண்டும். வழக்கமாக 0.1 கிராம் தூளை 16 மி.லி. 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 250 மி.லி. ஆக்குகிறோம். அதிலிருந்து ஒரே பிப்பெட்டால் 1 மி.லி. எடுத்து ஒவ்வொரு 25 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கிலும் விட வேண்டும். ஒருவர் நான்கு ஃபிளாஸ்குக்கும் தோழி மூன்று ஃபிளாஸ்குக்கும் வெவ்வேறு பிப்பெட்டால் விடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், முடிவைக் கெடுக்கும்.

கரைசல் நீலமாத்தானே இருக்கு, அப்போ நீல அலைநீளத்துலதானே அளக்கணும்?

நேர் எதிர். நீலமாகத் தெரிகிறது என்றால் நீல ஒளி தப்பித்து நம் கண்ணுக்கு வருகிறது என்று பொருள். கரைசல் விழுங்குவது ஆரஞ்சையும் சிவப்பையும். அதனால்தான் நீல வடிவத்தின் உச்சம் 616 நானோமீட்டர் பக்கம் இருக்கிறது. மஞ்சள் வடிவம் ஊதா-நீல ஒளியை விழுங்குகிறது, அதன் உச்சம் 432 பக்கம்.

புத்தக எண்ணை அப்படியே போட்டுவிடாமல், உங்கள் கருவியில் இரண்டு எல்லைக் கரைசல்களையும் 400 முதல் 700 வரை ஓட்டிப் பாருங்கள். பழைய கருவிகளில் அலைநீளம் இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளியிருப்பது சகஜம். உச்சியில் அளந்தால் அந்தத் தள்ளல் பெரிதாகப் பாதிக்காது, சரிவில் அளந்தால் பாதிக்கும். 616-இல் மஞ்சள் வடிவம் ஏறக்குறைய எதையுமே உறிஞ்சுவதில்லை என்பதால் கணக்கும் சுத்தமாக வரும். நேரம் இருந்தால் 432-இலும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே பிகேஏ வர வேண்டும்.

பிஎச் 7-ல பச்சையா இருக்கே மேடம், பச்சைக்குன்னு தனி பீக் ஏன் வரல?

பச்சை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. பாதி மஞ்சள், பாதி நீலம், கலந்து நம் கண்ணுக்குப் பச்சை. கருவிக்குக் கண் இல்லை, அது இரண்டு குன்றுகளையும் தனித்தனியாகக் காட்டிவிடும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற கேள்வி இது, விட்டுவிடாதீர்கள்.

அமில எல்லைக்கும் கார எல்லைக்கும் எவ்வளவு ஆசிட், எவ்வளவு பேஸ் ஊத்தணும்?

பிகேஏவிலிருந்து குறைந்தது இரண்டு பிஎச் அலகு தள்ளிப் போக வேண்டும். இரண்டு தள்ளினால் எதிர் வடிவம் நூற்றில் ஒரு பங்கு மிச்சம், மூன்று தள்ளினால் ஆயிரத்தில் ஒன்று. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் தாராளம். அடர் அமிலத்தை ஊற்றாதீர்கள். கடும் அமிலத்தில் புரோமோதைமால் நீலம் இன்னொரு புரோட்டானை வாங்கிக்கொண்டு சிவப்பேறிய மூன்றாவது வடிவமாகும், அது நமக்கு வேண்டாத விருந்தாளி.

பிளாங்க்குக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதுமா?

பிளாங்க் என்பது கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்த வைக்கும், நிறங்காட்டி இல்லாத கரைசல். பாஸ்பேட் பஃபருக்கு நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் அளக்கிறோம், அதனால் போதும். அதே காரணத்தால் கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் குவெட்டும் குவார்ட்ஸில் இருக்கத் தேவையில்லை, கண்ணாடி போதும். பஃபர் கலங்கலாக இருந்தால் அதையே பிளாங்க்காக வைக்கலாம் என்று கேட்காதீர்கள். கலங்கிய பஃபரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கணக்கை ஒரு தடவை முழுசாப் போட்டுக் காட்டுங்க.

616 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) அமில எல்லையில் 0.006, கார எல்லையில் 0.842 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் இது:

விகிதம் = (மாதிரியின் அப்சார்பன்ஸ் − அமில எல்லை) ÷ (கார எல்லை − மாதிரியின் அப்சார்பன்ஸ்)

பிகேஏ = பிஎச் − லாக் (விகிதம்)

பிஎச் 6.80-இல் மாதிரி 0.301 காட்டினால், மேலே 0.295, கீழே 0.541, விகிதம் 0.545. அதன் லாக் −0.263. ஆக பிகேஏ 7.06. பிஎச் 7.21-இல் 0.497 என்றால் விகிதம் 1.423, லாக் 0.153, பிகேஏ மறுபடி 7.06. மாறிலியாக எழுதச் சொன்னால் 8.7 × 10⁻⁸. இப்படி ஐந்தாறு பஃபர்களுக்குப் போட்டு, பிஎச்சை கிடை அச்சிலும் லாக் விகிதத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரையுங்கள். கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடம் பிகேஏ. தனித்தனியாகப் போட்டு சராசரி எடுப்பதைவிட இது நல்லது. ஏதாவது கோணலாக இருந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும், சராசரி மறைத்துவிடும்.

கால்குலேட்டர்ல லாக் போட்டா எர்ரர் வருது.

விகிதம் மைனஸில் போயிருக்கிறது. அதாவது மாதிரியின் அப்சார்பன்ஸ் கார எல்லையைத் தாண்டிவிட்டது, அல்லது அமில எல்லைக்குக் கீழே போய்விட்டது. முழுக்க நீலமான கரைசலைவிடப் பாதி நீலமான கரைசல் அதிக நீலமாக இருக்க முடியாது. ஆகவே ஏதோ ஒரு ஃபிளாஸ்கில் நிறங்காட்டி கூடக்குறைய விழுந்திருக்கிறது. பிப்பெட் விஷயம் முன்பே சொன்னேன். அந்த அளவை மட்டும் நோட்டில் அடித்துவிட்டு மேலே போவது தீர்வல்ல. கார எல்லையே தப்பாக இருந்தால் மற்ற எல்லா விகிதங்களும் தப்பு.

பஃபர் பிஎச்சை ஃபார்முலா போட்டே கண்டுபிடிச்சிட்டேன். மீட்டர் வேற சொல்லுது. எதை எழுதறது?

மீட்டரை. ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டு எழுதுங்கள், ஏனென்றால் வருஷா வருஷம் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிற இடம் இதுதான்.

புத்தகத்தில் பாஸ்பேட்டின் இரண்டாவது பிகேஏ 7.20. இரண்டு உப்பையும் சம அளவு போட்டால் லாக் பூஜ்யம், ஆகவே பிஎச் 7.20 என்று எழுதிவிடுகிறீர்கள். ஆனால் உலகம் முழுக்க பிஎச் மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும் ஒரு கரைசல், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் ஒவ்வொன்றும் 0.025 மோலல். சம அளவுதான். 25 டிகிரியில் அதன் பிஎச் 6.865, 7.20 இல்லை. அந்த 7.20 எல்லையற்று நீர்த்த கரைசலுக்கானது. உப்பு நிறைந்த கரைசலில் இரட்டை மின்சுமை கொண்ட அயனியைச் சுற்றி எதிர் அயனிகள் மொய்த்துக்கொள்வதால் அதன் செயல்திறன் குறைகிறது. இந்த 0.3 வித்தியாசம் உங்கள் கைத்தவறால் வந்ததல்ல.

கைத்தவறும் உண்டுதான். டைசோடியம் உப்பு நீரற்றதாகவும் வரும், இரண்டு நீர், பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளுடனும் வரும். மோலார் நிறை முறையே 142, 178, 358. பாட்டில் லேபிளைப் பார்க்காமல் 142 என்று கணக்குப் போட்டால் கதை முடிந்தது.

மீட்டர் எப்பவும் சரியாத்தான் சொல்லுமா?

இல்லவே இல்லை. அப்சார்பன்ஸ் 0.01 தவறினால் கோட்டின் நடுப்பகுதியில் பிகேஏ 0.02 மாறும். பிஎச் 0.1 தவறினால் பிகேஏ முழுசாக 0.1 மாறும். ஸ்பெக்ட்ரோவைப் பொன்னைப்போல் துடைக்கிறோம், பிஎச் மீட்டரைக் கண்டுகொள்வதில்லை. என் அனுபவத்தில் இந்தச் சோதனையின் பெரிய பிழை மீட்டரிலிருந்துதான் வருகிறது.

ஒரு வருஷம் ஒரு பேட்ச் முழுவதற்கும் பிகேஏ 0.1 குறைவாக வந்தது. எல்லோருடைய கோடும் நூல் பிடித்த மாதிரி, சாய்வு சரியாக ஒன்று. கடைசியில் பார்த்தால், மீட்டரைச் சரிபார்க்க 100 மி.லி.யில் கரைக்க வேண்டிய பிஎச் 7 பஃபர் மாத்திரையை 250 மி.லி.யில் கரைத்திருந்தது. பாஸ்பேட்டை நீர்த்தால் பிஎச் ஏறும். ஏறிய கரைசலை 7.00 என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்ததால் அது எல்லாவற்றையும் குறைத்தே சொன்னது. கரைத்தது வேறு யாருமில்லை, நான்தான். கவனியுங்கள், எல்லா பிஎச்சும் ஒரே அளவு தள்ளினால் கோடு அப்படியே பக்கவாட்டில் நகரும், வரைபடத்தில் எந்தத் தடயமும் இருக்காது. அன்றிலிருந்து மாத்திரையை அன்றன்றைக்குத்தான் கரைக்கிறேன்.

மற்றபடி, எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடக் கூடாது, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைக்க வேண்டும். கழுவியபின் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். எண் நிற்கும்வரை காத்திருங்கள். பின்னால் க்யூ நிற்கிறது என்பதற்காக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை எழுதாதீர்கள்.

புக்குல 7.1-ன்னு இருக்கு, நெட்ல 7.3-ன்னு இருக்கு, எனக்கு 7.06. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். பாஸ்பேட்டுக்குச் சொன்ன அதே கதைதான் இதற்கும். புரோமோதைமால் நீலத்தின் அமில வடிவத்துக்கு ஒரு எதிர்மின்சுமை, கார வடிவத்துக்கு இரண்டு. உப்பு கூடக்கூட இரட்டைச் சுமை வடிவத்துக்கு வசதி அதிகம், அதனால் பிகேஏ இறங்கும். அயனி வலிமையை (கரைசலில் அயனிகள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்பதன் அளவு) பூஜ்யத்துக்கு நீட்டினால் 7.3, அயனி வலிமை 0.1 மோலாரில் 7.1 சுற்றி. அதனால் ரெக்கார்டில் வெறும் எண்ணை எழுதாமல் அயனி வலிமையையும் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். எல்லா ஃபிளாஸ்கிலும் சோடியம் குளோரைடு சேர்த்து அயனி வலிமையைச் சமப்படுத்தினால் இன்னும் நல்லது.

வெப்பநிலை நம் ஊரில் சும்மா விடாது. பிஎச் மீட்டர் வெளி ஹாலில் 33 டிகிரியில், ஸ்பெக்ட்ரோ ஏசி அறையில் 24 டிகிரியில். ஒரே கரைசலை இரண்டு காலநிலையில் அளந்தால் எந்த வெப்பநிலைக்கான மாறிலி என்று யாருக்குத் தெரியும்? மீட்டரை ஏசி அறைக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை உடனே குவெட்டில் ஊற்றினால் வெளிச்சுவரில் முத்து முத்தாகப் பனிக்கும், அப்சார்பன்ஸ் கன்னாபின்னாவென்று ஏறும்.

எல்லா கோடும் ஒரே புள்ளியில வெட்டணும்னு சொன்னீங்க. எனக்கு முக்கோணம் மாதிரி வருது.

எல்லா ஃபிளாஸ்குகளின் அப்சார்பன்ஸையும் அலைநீளத்துக்கு எதிராக ஒரே தாளில் வரைந்தால், அந்தக் கோடுகள் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். அந்தப் புள்ளிக்கு ஐசோபெஸ்டிக் புள்ளி என்று பெயர், புரோமோதைமால் நீலத்துக்கு 500 நானோமீட்டர் பக்கம் வரும். அங்கே இரண்டு வடிவங்களும் ஒரே அளவு உறிஞ்சுகின்றன. அதனால் எது எத்தனை இருந்தாலும் மொத்தம் மாறாவிட்டால் அப்சார்பன்ஸும் மாறாது. பிகேஏ அளக்க இந்த அலைநீளம் உதவாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

உங்கள் முக்கோணம் நிறங்காட்டியின் அளவு ஃபிளாஸ்குக்கு ஃபிளாஸ்க் மாறியிருக்கிறது என்கிறது. சின்ன முக்கோணம் என்றால் ஒரு உபாயம் உண்டு. ஒவ்வொரு மாதிரியின் 616 அளவையும் அதே மாதிரியின் 500 அளவால் வகுத்துவிடுங்கள், எல்லைக் கரைசல்களையும் அப்படியே. பிப்பெட் தவறு அடிபட்டுப் போகும். வெட்டும் இடம் பிஎச் ஏற ஏற ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் விஷயம் வேறு. மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கிறது, அல்லது நிறங்காட்டி சிதைகிறது. அதை வகுத்தல் சரிசெய்யாது.

பிஎச் 7 பக்கம் நல்லா வருது, 8.4-ல மட்டும் பிகேஏ கிறுக்குப் பிடிச்ச மாதிரி மாறுது.

பிகேஏவிலிருந்து 1.3 அலகு தள்ளினால் விகிதம் 20. கார எல்லை 0.8 என்றால் மாதிரி 0.762 காட்டும், இடைவெளி வெறும் 0.038. இங்கே 0.01 தவறினால் பிகேஏ 0.12 மாறுகிறது. நடுப்பகுதியில் 0.02 என்று மேலே சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆறு மடங்கு. ஆகவே பிகேஏவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 0.7 அலகுக்குள் பஃபர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு 0.8 வருது. பரவாயில்லையா?

ஒரு புரோட்டான் போனால் சாய்வு ஒன்று, பேரம் கிடையாது. 0.97, 1.03 என்றால் விட்டுவிடலாம். 0.8 என்றால் முதலில் எலக்ட்ரோடைச் சந்தேகியுங்கள். ஒரே பஃபரில் மட்டும் சரிபார்த்தீர்களா, 7-உடன் 4 அல்லது 9.2-ம் வைத்தீர்களா? அப்புறம் எல்லைக் கரைசல்கள். அப்புறம் அப்சார்பன்ஸ் 1.5-க்கு மேல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சிதறிய ஒளி உள்ளே புகுந்து அளவை அமுக்கிவிடும்.

ப்ராஜெக்டுக்கு ஆரத்தித் தண்ணியை வச்சுப் பண்ணலாமா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்குதே!

ஆசை நியாயமானதுதான். சுண்ணாம்புத் தெளிவு பிஎச் 12-ஐத் தாண்டும், மஞ்சளில் உள்ள குர்குமின் அதில் சிவக்கிறது. ஆனால் குர்குமினுக்கு இழக்கக்கூடிய புரோட்டான்கள் மூன்று, அவற்றின் பிகேஏக்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. காரத்தில் நிமிடக்கணக்கில் சிதையவும் தொடங்கும். தண்ணீரில் கரையாததால் ஆல்கஹால் வேண்டும், ஆல்கஹால் கலந்தால் மீட்டர் காட்டும் பிஎச் தண்ணீரின் பிஎச் இல்லை. சங்குப்பூ, செம்பருத்திச் சாறும் இப்படித்தான். ஒரே நிறமிக்குள் நான்கைந்து வடிவங்கள், சில மெதுவாக மாறும். ஐசோபெஸ்டிக் புள்ளி ஏன் அமையவில்லை என்று காட்டும் ப்ராஜெக்டாகச் செய்தால் ரொம்ப நல்ல ப்ராஜெக்ட். ஒரே ஒரு பிகேஏ எண் கேட்டால் கிடைக்காது.

இதையே திருப்பிப் போட்டு, பிகேஏ தெரிஞ்ச இண்டிகேட்டரால மெரினா தண்ணி பிஎச்சை அளக்கலாமா?

அளக்கலாம். கடலியல்காரர்கள் செய்வதே அதுதான். கடல்நீரில் உப்பு அதிகம், சாதாரண பஃபரில் சரிபார்த்த எலக்ட்ரோடு அங்கே தடுமாறும். அதனால் மெட்டா-கிரெசால் பர்ப்பிள் சேர்த்து 578, 434 நானோமீட்டர்களில் அளந்து விகிதம் எடுக்கிறார்கள். கடல்நீரில் அதன் பிகேஏ 8 பக்கம், கடலின் பிஎச் 8.1 சுற்றி. பொருத்தம் பாருங்கள். நம் புரோமோதைமால் நீலத்தை ஊற்றினால் ஒரு முழு அலகு தள்ளி உட்கார வேண்டியிருக்கும், அதன் கஷ்டம் மேலே பிஎச் 8.4 கேள்வியில் இருக்கிறது.

செய்வதென்றால் கூவம் கலக்கும் பக்கம் எடுக்காதீர்கள். பாட்டிலில் காற்று இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள், அன்றைக்கே அளந்துவிடுங்கள். பிளாங்க்குக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும் என்று முன்பு சொன்னது இங்கே செல்லாது. மணலும் நுரையும் ஒளியைச் சிதறடிக்கும், ஆகவே சாயம் சேர்க்காத அதே கடல்நீர்தான் பிளாங்க். சாயம் எதையும் உறிஞ்சாத 730 நானோமீட்டரிலும் ஒரு அளவு எடுத்து, அது பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால் மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிடுங்கள்.